அசையாதிருப்பாயாக

மூச்சை அடக்குங்கள் என்று சொல்லத் தெரிந்த எனக்கு மூச்சை விடுங்கள் என்று சொல்லத் தெரியவில்லை. நான் அரபி வகுப்பில் சேர்ந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

நான் ஒரு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் டெக்னீஷியன். வயிற்றைப் படமெடுக்கும்போது நோயாளி பதினைந்து விநாடி மூச்சை அடக்கியிருக்க வேண்டும். அன்று வந்த பெரியவருக்கு அரபி மட்டும்தான் தெரியும். உள்ளே அனுப்புவதற்கு முன் நெஞ்சை நிமிர்த்தி, வாயை இறுக மூடி, எப்படி அடக்குவது என்று நடித்துக் காட்டினேன். தலையாட்டினார். பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து மைக்கில் “ஹோல்ட்” என்றேன். அடக்கினார். படம் முடிந்ததும் “ப்ரீத்” என்றேன். அவர் காதுக்கு அதுவும் நான் போட்ட இன்னொரு அதட்டல்தான். இன்னும் இறுக்கி அடக்கினார். நான் பதறிப்போய் மூன்றாவது முறை சத்தமாகச் சொல்ல, அவர் தன்னால் முடிந்த மட்டும் ஒத்துழைத்தார். வெளியே இழுத்தபோது முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இருமி முடித்துவிட்டு, என் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

“இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா மேலேயே அனுப்பியிருப்பே,” என்றார் எங்கள் சீஃப். ஸ்கேன் பிரிவுக்குத் தலைமை டெக்னீஷியன் அவர்.

வெளிநாட்டிலிருந்து அரபி பேசுபவர்கள் எங்களிடம் வாரத்துக்கு நான்கைந்து பேர் வருகிறார்கள். மருத்துவமனை முழுவதற்கும் மொழிபெயர்ப்பாளர் ஒரே ஒருவர். அவரை ஆறு மாடியும் கூப்பிடும். எங்கள் பிரிவு இருப்பது நிலவறையில். லிஃப்ட் வருவதற்குள் அவரை வேறு யாராவது பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

வகுப்பு செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரைக்கு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றின் மாடியை மாலையில் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சுவர் முழுக்கச் சாலை விதிப் படங்கள். முந்தாதே, ஒலி எழுப்பாதே, குறுகிய பாலம். அவற்றுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பலகையில் அலிஃப், பா, தா.

முதல் நாளே ஒரு நோட்டு வாங்கினேன். பின்பக்கத்திலிருந்து அரபி, முன்பக்கத்திலிருந்து நாட்குறிப்பு. அரபி வலமிருந்து இடமாகப் போகும் என்பதால் இந்த ஏற்பாடு வசதியாக இருந்தது. நாட்குறிப்பில் ஒவ்வொரு வகுப்பிலும் நான் எங்கே சொதப்பினேன் என்று எண் போட்டு எழுதுவேன். மூன்றாம் வாரத்தில் இருபத்தேழு. நான்காம் வாரத்தில் முப்பத்தொன்று. தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ளப் பிழை கூடுகிறது என்று குறித்திருக்கிறேன். இது என் அறிவு வளர்வதால் வருவதா, குறைவதால் வருவதா என்று அப்போது எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

டீச்சருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். அரபி அவருக்குத் தாய்மொழி. இங்கே திருமணமாகி வந்தவர். தமிழை மாமியாரிடம் கற்றுக்கொண்டவர். மாமியார் அவரிடம் எப்படிப் பேசினாரோ அப்படியே அவரும் எல்லோரிடமும் பேசுவார். வகுப்பில் மூத்தவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். முதல் நாள் அவர் தாமதமாக நுழைந்ததும் டீச்சர், “ஏன் லேட்டு? எங்க சுத்திட்டு வர்றே? உக்காரு, உக்காரு,” என்றார். போஸ்ட்மாஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, “என்னை இப்படிக் கேட்டு முப்பது வருஷம் ஆச்சு தம்பி,” என்றார். அடுத்த வாரமும் தாமதமாகவே வந்தார்.

என் இன்னொரு பக்கம் டெய்லர் அக்கா. பெண்களுக்கான தையல் கடை வைத்திருப்பவர். சிறு வயதிலேயே குர்ஆன் ஓதக் கற்றவர். எழுத்துக்கூட்டி வாசிப்பதில் வகுப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை. தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டிய எழுத்து அடியிலிருந்து வரும். அண்ணத்தில் பட வேண்டியது அண்ணத்தில் படும். ஆனால் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது.

“முப்பத்தஞ்சு வருஷமா வாயால சொல்லிட்டேன். என்ன சொன்னேன்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்,” என்றார்.

எனக்கு நேர்மாறு. பொருள் மனதில் நிற்கும், தொண்டை ஒத்துழைக்காது. அதனால் நாங்கள் இருவரும் கூட்டுச் சேர்ந்தோம். நான் அவருக்குப் பொருள் சொல்வேன். அவர் என் தொண்டையைப் பழக்குவார்.

“ஹா இல்ல தம்பி, ஹா. கண்ணாடி தொடைக்கிறதுக்கு ஊதுவோம்ல, அந்தக் காத்து.”

“ஹா.”

“இது பெருமூச்சு. உனக்கென்ன கஷ்டம் அப்படி?”

வீட்டில் குளியலறையில் பயிற்சி செய்தேன். அங்கேதான் எதிரொலி நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் தங்கை கதவைத் தட்டினாள்.

“அண்ணா, படிக்கிறியா, வாந்தி எடுக்கிறியா?”

“படிக்கிறேன்.”

“அப்ப சீக்கிரம் படிச்சு முடி. அம்மா எலுமிச்சம்பழம் நறுக்கிட்டு இருக்காங்க.”

பதினோராவது வாரத்தில் ஏழாம் பாடம் முடிந்திருந்தது. மொத்தத்தில் எனக்குத் தெரிந்தவை: நூறு வரை எண்கள், கிழமைகள், உறவுமுறைகள், வானிலை, ஒரு ரயில் நிலையத்துக்கு வழி கேட்கும் முறை. மூச்சை அடக்குங்கள், விடுங்கள் இரண்டும் தெரியும். இரண்டாவதை முதலில் கற்றுக்கொண்டேன்.

அந்த வாரம் புதன்கிழமை அந்தச் சிறுமி வந்தாள்.

ஆறு வயது. முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கற்றை ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் வளர வளர அது நரம்பை இழுக்கிறது. வலது கால் பாதம் தரையில் தேயும். வலது செருப்பின் முன்பக்கம் மட்டும் கரைந்துபோயிருந்தது. கூட வந்தவர் அப்பா மட்டும். ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், துண்டு துண்டாக ஆங்கிலம் பேசுவார். அம்மா கைக்குழந்தையோடு ஊரிலேயே இருந்துவிட்டார்.

சனிக்கிழமை அறுவை சிகிச்சை. அதற்கு முன் புதுப் படம் வேண்டும் என்றார் சர்ஜன். பழைய படம் ஒரு வருடத்துக்கு முந்தியது. அதை வைத்துக்கொண்டு கத்தியை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் வெளிநாடு போகிறார், திரும்பி வர ஐந்து வாரம். குழந்தைகளை மயக்க மருந்து கொடுத்துத்தான் பெரும்பாலும் படமெடுப்போம். ஆனால் அதற்கான டாக்டர் எங்கள் பிரிவுக்கு வருவது திங்கட்கிழமை மட்டும். ஆகவே விழித்திருக்கும்போதே எடுத்தாக வேண்டும். ஐந்து படம், ஒவ்வொன்றும் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். ஒவ்வொரு படத்தின்போதும் அவள் துளியும் அசையக் கூடாது.

புதன்கிழமை மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார். நல்ல மனிதர், குழந்தைகளிடம் பாசமாகப் பேசுவார். அவர் மைக்கைப் பிடித்துக் கொஞ்சினார். “கண்ணு, தங்கம், ஒண்ணும் இல்ல, வலிக்கவே வலிக்காது,” என்கிற மாதிரிதான் என்று அவர் குரலிலேயே தெரிந்தது. அவர் கொஞ்சக் கொஞ்ச அவள் அழுகை கூடியது. மூன்றாவது நிமிடத்தில் கையிலிருந்த ரப்பர் பந்தை அழுத்திவிட்டாள். அதை அழுத்தினால் எங்கள் பக்கம் மணி அடிக்கும், நிறுத்தியாக வேண்டும். இரண்டாவது முறை மேசையில் ஏறவே மறுத்தாள்.

“பாவம், ரெண்டு வருஷமா ஊசி, பரிசோதனை, ஊசி,” என்றார் மொழிபெயர்ப்பாளர். “வலிக்காதுன்னு யாராவது சொன்னாலே அவளுக்கு ஊசி ஞாபகம் வருது போல.”

சீஃப் அட்டவணையைப் பார்த்தார். “வெள்ளிக்கிழமை காலைல ஏழரை ஸ்லாட் காலி. எட்டரைக்கு அடுத்த ஆளு. அந்த ஒரு மணி நேரம்தான்.”

“வெள்ளிக்கிழமை எனக்கு வார லீவு சார். அன்னைக்கு ஊர்லயே இருக்க மாட்டேன்,” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

சீஃப் என் பக்கம் திரும்பினார். நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உன்னைத்தான். பதினோரு வாரமா ராத்திரி பகலா காறிக்கிட்டு இருக்கியே, வருமா?”

“பதினாலு வாக்கியம் இருந்தா சமாளிக்கலாம் சார்.”

“ஏன் பதினாலு?”

ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தேன். உள்ளே வரும்போது மூன்று, மேசையில் படுக்க நான்கு, படங்களுக்கு இடையில் ஐந்து, முடிந்ததும் இரண்டு. சீஃப் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. எனக்கும் இல்லை. ஆனால் வேறு யாரும் இல்லை.

வியாழக்கிழமை வகுப்பில் அந்தப் பதினான்கையும் தமிழில் எழுதிக்கொண்டு போய் டீச்சரிடம் கொடுத்தேன். டீச்சருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஒவ்வொன்றாக நான் வாசிக்க வேண்டியிருந்தது. எதற்கு என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார்.

“பாரு, வீட்டுல நாங்க இப்படிப் பேச மாட்டோம். புக்கு பேச்சு வேற, வீட்டுப் பேச்சு வேற. அவ ஊரு வேற, என் ஊரு வேற. என் வீட்டுப் பேச்சைச் சொல்லிக் குடுத்தா அவளுக்குப் பாதிதான் புரியும். புக்கு பேச்சு எல்லா ஊருக்கும் ஒண்ணுதான். அதையே சொல்லு. சுத்தமா சொல்லு. முழுங்காதே.”

சுத்தமாகச் சொல் என்று என்னிடம் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. பதினான்கு அட்டைகளில் எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் குறி போட்டேன். வகுப்பு முடிந்ததும் டெய்லர் அக்கா படிக்கட்டில் நின்றபடி ஒவ்வோர் அட்டையையும் எட்டு முறை சொல்ல வைத்தார். எனக்கு இழுத்தது ஐந்தாவது அட்டைதான். லா ததஹர்ரகீ. அசையாதே என்று பொருள். நடுவில் அந்தக் கண்ணாடி துடைக்கும் காற்று வருகிறது.

எட்டாவது முறை சொல்லி முடித்ததும் அக்கா, “இப்ப சரி. கணீர்னு இருக்கு. யார் கேட்டாலும் அசைய மாட்டாங்க,” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு இருபதுக்கு அப்பாவும் மகளும் வந்தார்கள். நான் பதற்றமில்லாமல் தயாராக நின்றேன் என்று எழுதினால் பொய். அட்டைகளை வரிசை மாற்றி வைத்துவிட்டு, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன். சிறுமி கதவைப் பார்த்ததுமே அப்பாவின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டாள். உதடு பிதுங்கத் தொடங்கியது. நான் மண்டியிட்டு அமர்ந்து முதல் அட்டையைச் சொன்னேன்.

அழுகை நின்றது.

என்னையே பார்த்தாள். அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ கேட்டாள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். உச்சரிப்பில் எங்கோ கோட்டைவிட்டேன் என்று நினைத்து இரண்டாவதை இன்னும் சுத்தமாகச் சொன்னேன். மூன்றாவதைச் சொன்னபோது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தலையில் இருந்த கிளிப்பைக் கழற்றச் சொல்லும் வாக்கியம் அது. தானே கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். தானே மேசையில் ஏறினாள். இடுப்புக்குக் கீழே தலையணை, காதில் ஹெட்போன், கையில் ரப்பர் பந்து. அப்பா காதில் பஞ்சடைத்துக்கொண்டு அவள் கால்மாட்டில் நின்றார். புதன்கிழமை மேசையில் ஏற மறுத்தவளா இவள் என்று எனக்கு ஆச்சரியம். பாசமாகப் பேசத் தெரியாதவன் நான். என்ன செய்தேன் என்று புரியாமலே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தேன்.

முதல் படம். மைக்கை அழுத்தி, ஐந்தாவது அட்டையை, டெய்லர் அக்கா சொன்ன கணீரோடு சொன்னேன்.

இயந்திரம் தட்டத் தொடங்கியது. கேமராவில் பார்த்தால் அவள் வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது. தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சிரிக்கிறாள். வந்த படத்தில் முதுகெலும்பு ஒன்றுக்கு மேல் ஒன்றாக நான்கு தெரிந்தது.

“மொழிபெயர்ப்பாளர் பேசினா அழுது ஆடுறா, நீ பேசினா சிரிச்சு ஆடுறா,” என்றார் சீஃப். “ரெண்டும் எனக்கு ஒரே படம்தான்.”

உள்ளே போய் அப்பாவிடம் என்ன பிழை என்று கேட்டேன். பிழையில்லை, மிக நன்றாக இருக்கிறது என்று கையை ஆட்டினார். பிறகு தன் ஆங்கிலத்தில், சொல் தேடித் தேடி விளக்கினார். வீட்டில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. கடையில் இல்லை, பேருந்தில் இல்லை. இப்படிப் பேசுபவர்கள் தொலைக்காட்சியில் மட்டும்தான் இருக்கிறார்கள். செய்தி வாசிப்பவர். அப்புறம், குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன்கள் எல்லாவற்றிலும் இந்த மொழிதான். விண்கலத்தின் தலைவன், பேசும் சிங்கம், கொள்ளையர்களைத் துரத்தும் வீரன், எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள்.

“அவள் கேட்டாள்,” என்றார். “இவர் விண்கப்பல் தலைவரா என்று.”

காது மடல் சூடாவது எனக்கே தெரிந்தது. பதினோரு வாரம், இருநூற்றுப் பத்துப் பிழைத் திருத்தம், குளியலறையில் அத்தனை நாள். நம் குழந்தை ஒன்று ஏதோ ஒரு வெளிநாட்டு மருத்துவமனைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அதன் முன் மண்டியிட்டு, “சிறுமியே, நின் வருகை நல்வரவாகுக. யான் இவ்வியந்திரத்தை இயக்குபவன். நின் கூந்தலில் உள்ள உலோகத்தை அகற்றுவாயாக,” என்கிறார். நான் செய்தது அதுதான். அதற்குப் பிறகு மைக்கில், கணீரென்று, “அசையாதிருப்பாயாக!” அதற்கு எந்தக் குழந்தையும் சிரிக்கத்தானே செய்யும்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து சீஃபிடம் சொன்னேன். அவர் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு சிரித்தார். பிறகு மணியைப் பார்த்தார். ஏழு ஐம்பத்திரண்டு.

“சார், அப்பாவையே மைக்ல பேசச் சொல்லிடலாமா?”

“அவர் கொஞ்சிப் பேசினா மறுபடி ஊசி ஞாபகம் வரும். அவ பயப்படாம படுத்திருக்கா பாரு, இது வரைக்கும் யாரும் செய்யல. கப்பல் தலைவர்னு அவளே சொல்லிட்டா. அப்புறம் நீ எதுக்கு மனுஷனா மாறணும்? அப்படியே இரு.”

“சிரிக்கிறாளே சார்.”

“முதல்லயே சிரிக்க வெச்சுத் தீத்துடு. தீந்ததும் எடுப்போம்.”

கணக்குப் போட்டேன். முப்பத்தெட்டு நிமிடம் இருக்கிறது. ஐந்து படத்துக்கு இருபது போனால் மிச்சம் பதினெட்டு. சிரிப்புக்குப் படத்துக்கு மூன்று நிமிடம் ஒதுக்கலாம்.

ஆனால் எதைச் சொல்லிச் சிரிக்க வைப்பது? என் அட்டைகளில் நகைச்சுவைக்கு இடம் விடவில்லை. எனக்குத் தெரிந்த அரபி பாடப் புத்தகத்தில் உள்ளது மட்டும்தான். மைக்கை அழுத்தினேன்.

“வானிலை இன்று நன்றாக உள்ளது. வானம் தெளிவாக உள்ளது.”

உள்ளே கிளுகிளுவென்று ஒரு சத்தம்.

“ரயில் நிலையம் வலப்புறம் உள்ளது. பாலத்திற்குப் பிறகு.”

சத்தம் கூடியது. விண்கலத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு வழி சொன்னால் வேறு என்ன ஆகும்? அவள் சிரித்து ஓய்ந்து, நீளமாக ஒரு மூச்சு விடுவது ஸ்பீக்கரில் கேட்டது. உடனே ஐந்தாவது அட்டை. பிறகு, “மூன்று நிமிடங்கள்.”

மூன்று நிமிடமும் அவள் கட்டையாகக் கிடந்தாள். தலைவர் உத்தரவு. படம் வந்தது. ஒரே ஒரு முதுகெலும்பு, ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாக.

“அடுத்தது,” என்றார் சீஃப், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டாவது படத்துக்கு முன் உறவுமுறைப் பாடம். “என் மாமா ஒரு பொறியாளர். அவர் காலையில் மூன்று முட்டைகள் உண்கிறார்.” இது ஐந்தாம் பாடத்தில் உள்ளபடியே. மூன்றாவது படத்துக்கு முன் வாரத்தின் ஏழு நாட்களையும் படைவீரர்களைப் பெயர் சொல்லி அழைப்பது போல் அழைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவள் உள்ளேயிருந்து ஆஜர் கொடுத்தாள். எட்டு ஒன்பதுக்கு மூன்று படம் சுத்தமாக முடிந்திருந்தது. வெளியே அடுத்த நோயாளி வந்துவிட்டார். முழங்கால் வலிக்காரர், இன்னும் எவ்வளவு நேரம் என்று கதவைத் திறந்து கேட்டுவிட்டுப் போனார்.

நான்காவது படம் பாதியில் இருந்தபோது மணி அடித்தது. ரப்பர் பந்தை அழுத்திவிட்டாள்.

சீஃப் நிறுத்தினார். கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு பதின்மூன்று.

உள்ளே ஓடினேன். மேசையை வெளியே இழுத்தேன். கண்ணில் நீர் முட்டி நின்றது. அவள் வேகமாக, மூச்சு விடாமல், தன் வீட்டுப் பேச்சில் ஏதோ சொன்னாள். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் காதில் பஞ்சு. அதை எடுத்துவிட்டுக் குனிவதற்குள் அவள் மறுபடி அதையே என்னிடம் சொன்னாள், இன்னும் வேகமாக. அழுகை வரப்போகிற வேகம். அழுதுவிட்டால் மீண்டும் அமைதியாக இருபது நிமிடம் ஆகும். எங்களிடம் பதினேழுதான் இருந்தது.

“எனக்குப் புரியவில்லை,” என்றேன், புத்தகத்தில் உள்ளபடி. “மெதுவாகச் சொல்வாயாக.”

அவள் நிறுத்தினாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. உள்ளுக்குள் எதையோ தேடுவது தெரிந்தது. நான் வகுப்பில் எழுந்து நின்று தேடுவேனே, அதே மாதிரி. பிறகு ஒவ்வொரு சொல்லாக, நடுவில் நிறுத்தி நிறுத்தி, கார்ட்டூனில் கேட்ட மொழியில் சொன்னாள்:

“என்... மூக்கு. என் மூக்கு... அரிக்கின்றது.”

அவள் கை கட்டப்பட்டிருக்கவில்லை. படங்களுக்கு இடையில் தானே சொறிந்துகொண்டிருக்கலாம். அசையாதே என்று சொன்ன நான் அதை விலக்கிக்கொள்ளவே இல்லை. மூன்றாவது படத்திலிருந்தே அரித்திருக்க வேண்டும். மூக்கு நுனி சிவந்திருந்தது.

“சொறிந்துகொள்” என்பதற்கு என்னிடம் சொல் இல்லை. என் மூக்கைச் சொறிந்து காட்டினேன். அவளும் சொறிந்தாள். நன்றாக, இரண்டு கையாலும். அப்பாவும் தன் மூக்கைச் சொறிந்தார், ஏன் என்று தெரியவில்லை. கண்ணாடிக்கு அப்பால் சீஃபும்.

“இனி நலமா?” என்றேன்.

“நலம், தலைவரே.”

எட்டு பதினேழுக்கு நான்காவதை மறுபடி தொடங்கினோம். அதற்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் சிரிக்க வைக்க நேரமில்லை, தேவையும் இருக்கவில்லை. படத்துக்கு முன் மூக்கைச் சொறிய அரை நிமிடம் அறிவித்தேன். ஐந்தாவது ஐந்து நிமிடம். கேமராவில் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்காவது நிமிடத்தில் அவள் மூக்கு மட்டும் ஒருமுறை சுருங்கி விரிந்தது. முதுகு அசையவில்லை.

எட்டு இருபத்தெட்டுக்கு சீஃப் ஐந்து படத்தையும் வரிசையாகத் திரையில் போட்டு, கடைசி முள் வரை ஓட்டிப் பார்த்தார். நரம்பு ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் எனக்கே தெரிந்தது. சர்ஜனுக்கு அனுப்பிவிட்டு, “முழங்காலைக் கூப்பிடு,” என்றார். கதவு வரை போன என்னை நிறுத்தி, “டேய், அந்த மாமா மூணு முட்டை சாப்பிடுறது நிஜமாவே புத்தகத்துல இருக்கா?” என்று கேட்டார்.

பத்து மணிக்கு சர்ஜன் போனில் சொன்னார்: படம் போதும், நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. வீட்டில் எதையும் படிக்கவில்லை. குளியலறைக்கு இரண்டு முறை காரணமில்லாமல் போய்வந்தேன். “இன்னைக்கு ஏன் சத்தமே இல்ல, ஃபெயிலாயிட்டியா?” என்றாள் தங்கை. மூன்று மணிக்கு சீஃபிடமிருந்து செய்தி வந்தது. நாலு மணி நேரம் ஆச்சு. நல்லா முடிஞ்சுது. வார்டுக்கு மாத்திட்டாங்க. தேய்ந்த கால் சரியாகுமா என்று கேட்டு எழுதினேன். இனிமே மோசமாகாது, போனது திரும்ப மாசக்கணக்கா பயிற்சி செய்யணும்னு சர்ஜன் சொன்னார் என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை மதியம் நான்காம் மாடியிலிருந்து நர்ஸ் போன் செய்தார்.

“ஸ்கேன்ல கேப்டன் யாருங்க?”

“என்ன சிஸ்டர்?”

“இங்க உங்க ஆளு ஒருத்தி கேப்டனைக் கூப்பிடுன்னு படுத்துறா. அவங்க அப்பாதான் சொன்னாரு. எங்ககிட்ட ஏதோ உத்தரவு போட்டுட்டே இருக்கா, ஒண்ணும் புரியல. வந்து என்னன்னு கேளுங்க.”

நோட்டையும் பாடப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். மல்லாந்து படுத்திருந்தாள், தலையணை இல்லாமல். தலையைத் தூக்கக் கூடாது. அப்பா அப்போதுதான் சாப்பிடப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் தொலைக்காட்சி மொழியைத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமையைவிடத் தடையில்லாமல் வந்தது. இந்த ஊரில் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். நர்ஸ்களிடமும் துப்புரவு செய்யும் அம்மாவிடமும் அதையே பேசிப் பார்த்திருக்கிறாள். என் வீட்டில் நானும் எங்கள் அம்மாவும் இப்படித்தான் பேசிக்கொள்வோம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அதைத் திருத்துவதற்கு எனக்கு இன்னும் ஏழு பாடமாவது தேவைப்படும்.

“எத்தனை நாட்கள் நான் இவ்வாறு படுத்திருப்பேன்?” என்று கேட்டாள்.

நர்ஸிடம் கேட்டேன்.

“இன்னும் ரெண்டு நாள். எந்திரிக்கவே கூடாது.”

“இரண்டு நாட்கள்,” என்றேன்.

அவள் மேற்கூரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஒரே ஒரு சொல்லைச் சொன்னாள். அது எந்தப் பாடத்திலும் வந்ததில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னாள். கைப்பேசி அகராதியை அவள் வாயருகே நீட்டினேன். மூன்றாவது முறையும், கொஞ்சம் எரிச்சலோடு, சொன்னாள்.

“என்னவாம்?” என்றார் நர்ஸ்.

“அநீதின்னு சொல்றா.”

“டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றப்ப சொல்லச் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மணி பார்த்தேன். அடுத்த ஸ்கேனுக்கு இருபது நிமிடம் இருந்தது. நாற்காலியை அவள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னும் யாரும் நடத்தாத எட்டாம் பாடத்தைத் திறந்து, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாவது வரியிலேயே அவள் என்னை நிறுத்தித் திருத்தினாள்.